கோயிலின்றியும் குன்றாத திருநாள்

கோடையிலே மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றுங்கால், 1969-இல் அதனுள் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் வழிபாட்டிடங்கள் சிதைவுற்ற கோலத்தில் வெளிப்படும். அவற்றைக் காணுந்தோறும் என் உள்ளத்தே ஒரு வினா எழும். கோயில் மறைந்தால் திருநாளும் மறையுமோ? அதற்கு விடையாக வாழ்ந்தவர், நம் நாட்டுக் கத்தோலிக்க மக்கள் ஜனவரி 16-ஆம் நாள் விழாவெடுக்கும் யோசேப் வாஸ் அடிகளார்.

1651-இல் கோவாவைச் சார்ந்த பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்த அவர், கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டவர். 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அவ்வழிபாட்டையும் தடைசெய்தனர். குருவின்றி வாடிய மக்களின் துயரைக் கேள்வியுற்ற அடிகளார், 1687-இல் கூலியாள் வேடம் பூண்டு, தூத்துக்குடியிலே கப்பலேறி, மன்னார் வழியாக யாழ்ப்பாணம் புகுந்தார். வயிற்றுளைவு நோய் அவரைச் சாவின் விளிம்புவரை வருத்திற்று. நோய் தணிந்ததும், கழுத்திலே செபமாலை அணிந்து வாயில்தோறும் இரந்து சென்றார். அம்மாலையைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்தோரையே தம்மவரென அறிந்துகொண்டார்.

சில்லாலையை உறைவிடமாக்கித் தமிழ் பயின்ற அடிகளார், இரவுதோறும் அடியார் இல்லங்களிலே பூசை நிகழ்த்தினார். கிறிஸ்து பிறப்புத் திருநாள் இரவொன்றில் ஒல்லாந்தர் படை அவ்வில்லங்களுட் புகுந்து பலரைச் சிறைப்பிடித்தது. சிலர் கசையடியும் பட்டனர். அடிகளாரோ அகப்படவில்லை, திருநாட்களும் நின்றுவிடவில்லை.

1692-இல் கண்டிக்குச் சென்றவரை, போர்த்துக்கேயரின் ஒற்றனென ஐயுற்ற மன்னன் காவலில் வைத்தான். அக்காவலினுள்ளும் சிறு கொட்டிலமைத்து வழிபாடு நடத்தினார். பின்னர் விடுதலை பெற்று, 1697-இல் அம்மை நோய் பரவியபோது, உற்றாராலே கைவிடப்பட்டோரைத் தம் கையாற் பேணினார். மன்னனின் மதிப்பும் அவர்க்கு வாய்த்தது. 1711 ஜனவரி 16-இல் கண்டியிலேயே உயிர் நீத்தார்.

அவர் அடக்கமான இடம் இன்று அறியுமாறில்லை. அங்கிருந்த கோயிலும் அழிந்தது. எனினும் 2015 ஜனவரி 14-இல் கொழும்புக் காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதரென அறிவித்தார்.

அடிகளார் கூலியாள் வேடம் பூண்டு மன்னாரிற் கரையேறினார். பிற்காலத்தே அக்கரையிலேயே இறங்கிக் காட்டுவழி நடந்து மலையேறிய தோட்டத்து முன்னோர் பலர்க்கு அது வேடமன்று, வாழ்க்கை. அவரவர் தெய்வத்தை நெஞ்சிற் சுமந்து வந்தனர். லயத்தருகே கல்லொன்றை நாட்டியும், சிலுவையொன்றை ஊன்றியும் திருநாள் கண்டனர். நீருள் மூழ்கிய கோயிலைக் காணுந்தோறும் நான் வருந்துவதுண்டு. ஆயினும் கூடி நிற்கும் மக்கள் உள்ளவரை திருநாள் மூழ்குவதில்லை என்பதை அடிகளார் வாழ்வு எனக்கு உணர்த்துகின்றது.