தமிழிசைத் திருப்பணி செய்த அரசர் அண்ணாமலைச் செட்டியார்

திருக்கோயிலுக்குக் கல் எடுத்து அடுக்குவதும் திருப்பணி; அக்கோயிலில் ஒலிக்க வேண்டிய பாட்டை மறையாமற் காப்பதும் திருப்பணியே. முன்னதைச் செய்தோர் நம் நாட்டில் மிகப் பலர். பின்னதற்குப் பொருளை வாரி வழங்கியோர் மிகச் சிலர். அச்சிலருள் தலைநின்றவர் செட்டிநாட்டரசர் சர் அண்ணாமலைச் செட்டியார் அவர்கள். நாட்றம்பள்ளியில் குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில், பகலில் ஓதுவார் திருமுறை விண்ணப்பிக்கவும் இரவில் இன்னிசைக் கச்சேரி நடைபெறவும் கேட்டு மகிழும் மெய்யன்பர்கள், அக்கச்சேரி நிரலில் தமிழ்ப் பாட்டுக்கு ஓர் இடம் எவ்வாறு கிடைத்தது என்பதை அறிந்துகொள்ளுதல் தகும்.

அரசர் அவர்கள் 1881ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30ஆம் நாள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் தோன்றினார். தந்தையார் முத்தையச் செட்டியார். கடல் கடந்து பொருள் ஈட்டுவதும், ஈட்டிய பொருளில் ஒரு பங்கை இறைவன் திருவடிக்கு ஆக்குவதும் நகரத்தார் மரபு. அம்மரபில் வந்த இவரும் வாணிகத்தில் உயர்ந்தார். 1923இல் சர் பட்டமும் 1929இல் இராஜா பட்டமும் பெற்றார். பட்டங்களைப் பற்றி இங்கே விரித்துரைப்பதால் பயனில்லை. தில்லையம்பதியில் 1920ஆம் ஆண்டு மீனாட்சியம்மையின் திருப்பெயரால் அவர் நிறுவிய கல்லூரியும், 20 இலட்சம் ரூபாய் வழங்கி 1929இல் அதனைப் பல்கலைக்கழகமாக வளர்த்த செயலுமே அவர்தம் புகழை நிலைபெறச் செய்தன.

அதே 1929ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் ஓர் இசைக் கல்லூரியையும் அவர் தோற்றுவித்தார். இசைக்கென ஒரு கல்லூரி தொடங்கத் தில்லையினும் பொருத்தமான இடம் யாது? மூவர் தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்தது அத்திருக்கோயிலில். அவற்றை நம்பியாண்டார் நம்பியின் துணைகொண்டு மீட்டான் சோழ மன்னன். மீட்ட பாடல்களுக்குப் பண் அடைவு வகுத்துத் தந்தவர் அருகிலுள்ள எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியார் என்று திருமுறை கண்ட வரலாறு கூறும். பிற்காலத்திலும், சீகாழி முத்துத்தாண்டவர், இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயர், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய மூவரும் அவ்வட்டாரத்தைத் தம் பாட்டால் நிறைத்தவர்கள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில் இவர்கள் கீர்த்தனம் பாடியது திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு முன்னரே ஆகும். இவர்களுக்குப் பின் வந்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் தில்லைக்கு வர ஏங்கிய கதையை அறியாதார் யார்?

ஆயினும் கல்லூரியில் நிகழ்ந்தது வேறு. ஆசிரியராக அமர்ந்தோர் பெருவித்துவான்கள், அதில் ஐயமில்லை. சபேசையர் மகா வைத்தியநாதையரின் மாணாக்கர்; பொன்னையா பிள்ளை தஞ்சை நால்வரின் வழியில் வந்தவர்; பின்னர் டைகர் வரதாச்சாரியாரும் அங்கே பணியாற்றினார். அவர்கள் தம் குருமார்களிடம் பெற்ற செல்வத்தையே மாணாக்கர்க்கு வழங்கினர். அச்செல்வத்திற் பெரும்பகுதி தெலுங்கிலும் வடமொழியிலும் இருந்தது. நாயக்கர், மராட்டியர் ஆட்சியில் தஞ்சை அரசவை வளர்த்த வழக்கு அது. கச்சேரி மேடையிலும் நிலை இதுவேயாயிற்று. வருணத்திற் தொடங்கி இராகம், தானம், பல்லவி முடியப் பிறமொழி; கேட்போர் மேல்துண்டை எடுத்துத் தோளில் இட்டு எழுந்திருக்கும் வேளையில், துக்கடா என்னும் பெயரால் ஒரு தேவாரமோ திருப்புகழோ காவடிச் சிந்தோ பாடப்படும். நால்வர் வாக்குக்கும் அருணகிரியார் வாக்குக்கும் அமைந்த இடம் அவ்வளவே.

இவ்விடத்தில் ஒன்று சொல்லுதல் வேண்டும். ஆந்திர எல்லையை அடுத்த நம் ஊரில் தெலுங்கை வீட்டு மொழியாக உடைய அன்பர்கள் பலர் உளர். தியாகராச சுவாமிகளின் கீர்த்தனம் அவர்களுக்கு நேரே நெஞ்சிற் சென்று தைக்கும். அந்தப் பேறு தமிழ் மட்டும் அறிந்தவனுக்கும் வாய்க்க வேண்டாவா என்பதே அரசர் எழுப்பிய வினா. தெலுங்கின்மேல் வெறுப்பு அதில் இல்லை.

1940ஆம் ஆண்டில் தமிழ்ப் பாடல்களை வளர்ப்பதற்கெனப் பதினாயிரம் ரூபாயை அவர் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். மறு ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் மிகுதியாக இடம்பெற வேண்டும் என்று அங்கே முடிவு செய்தனர். அவ்வளவில் நாடெங்கும் பெரும் வாதம் மூண்டது. இசைக்கு மொழி தடையாகாது, மொழியை முன்வைத்தால் இசையின் தரம் தாழும் என்று சென்னைச் சங்கீத வித்துவ சபையைச் சார்ந்த அறிஞர்கள் கவலை கொண்டனர். இராஜாஜியும், இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரும், கல்கியும் அரசர் பக்கம் நின்று எழுதியும் பேசியும் வந்தனர். தமிழில் உயர்ந்த உருப்படிகள் போதிய அளவில் இல்லை என்னும் கூற்றே எதிர்வாதங்களில் வலியது. அதனை அரசர் சொல்லால் மறுத்ததினும் செயலால் மறுத்ததே மிகுதி. பழம் பாடல்களும் புதுப் பாடல்களும் சுரப்படுத்தப்பட்டுப் பல்கலைக்கழகத்தின் வழியே தொகுதி தொகுதியாக அச்சேறின. பாட்டு இல்லை என்றவர் கையில் பாட்டுப் புத்தகம் கொடுக்கப்பட்டது!

பின்னர் அவர் சென்னையை நோக்கினார். 1943இல் தமிழ் இசைச் சங்கம் அங்கே தோன்றியது, சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் தலைவரானார். அவ்வாண்டு டிசம்பரிலேயே முதல் இசைவிழா நடந்தது. வருணம் முதல் மங்களம் வரை தமிழே பாடும் கச்சேரி நிரல்கள் அவ்விழாவில் அமைந்தன. இறுதியில் நின்ற தேவாரமும் கீர்த்தனமும் நடுவுக்கும் தொடக்கத்துக்கும் வந்தன. விழா ஒன்றே போதாது, பாடுவோரைப் பயிற்றவும் வேண்டும் என்று சங்கம் ஓர் இசைக் கல்லூரியையும் தொடங்கியது. அங்கே பயின்று தேறியோர்க்கு இசைமணி என்னும் பட்டம் கிடைத்தது. அவ்விசைமணிகளுள் ஒருவர் சீர்காழி கோவிந்தராஜன். ஆடிக் கிருத்திகை வந்தால் நம் தெருக்களில் ஒலிபெருக்கி வழியே முதலிற் கேட்பது யார் குரல் என்பதை அன்பர்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

அரசர் 1948ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் சிவபதம் எய்தினார். சங்கத்துக்கு ஒரு சொந்த அரங்கம் எழுந்ததை அவர் கண்ணாற் காணவில்லை. அவர் பெயரால் அண்ணாமலை மன்றம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அருகில் 1952இல் அமைந்தது. அவர்தம் மைந்தர் இராஜா சர் முத்தையச் செட்டியார் தந்தையார் விட்ட பணியைத் தொடர்ந்தார்.

அப்பணிகளுள் கோயில் அன்பர்கள் சிறப்பாக நினைக்கத் தக்கது, 1949 முதல் சங்கம் ஆண்டுதோறும் கூட்டிய பண் ஆராய்ச்சி. கச்சேரி வித்துவான்களும், தலைமுறை தலைமுறையாகச் சந்நிதியில் நின்று பாடிய ஓதுவார்களும் அதில் ஒருங்கே அமர்ந்தனர். மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும், கௌசிகத்தைப் பைரவியாகவும், வியாழக்குறிஞ்சியைச் சௌராட்டிரமாகவும் ஓதுவார் பாடி வந்த மரபை, அவர்கள் பாடக் கேட்டு, பழைய நூல்களோடு ஒப்பிட்டு, பண் பண்ணாக ஆராய்ந்தனர். அதுகாறும் கோயிலுக்கு வெளியே கச்சேரி மேடை காணாத ஓதுவார், அங்கே வித்துவான்களுக்குப் பாடிக் காட்டும் ஆசிரியராய் வீற்றிருந்தார்.