திருவீதிக்கு இறைவனை எழுந்தருளுவித்த பெருமாட்டி செம்பியன் மாதேவியார்

எல்லாம்வல்ல சிவபெருமான் அருவம், அருவுருவம், உருவம் என்னும் மூவகைத் திருமேனிகளைக் கொண்டு உயிர்களுக்கு அருள்புரிகின்றான் என்பது சைவ நூல்களின் துணிபு. கருவறையில் எழுந்தருளியுள்ள சிவலிங்கம் அருவுருவத் திருமேனி. அட்டபந்தனம் சார்த்தி நிலைபெறுத்தப்பெற்ற அம்மூர்த்தி, இருந்தவிடத்திலிருந்தே அருள்புரிவது. அதனை நாம் சென்று வணங்குகின்றோம். ஆயின், நடக்கமாட்டாத முதியோரும், பாயிற் கிடக்கும் நோயாளரும், குழந்தையைக் கையில் ஏந்தியபடி வாயிலில் நிற்கும் தாயரும், பண்டு கோயிலுட் புகுதற்கு இடம்பெறாது புறத்தே நிறுத்தப்பட்ட மக்களும் இறைவனைக் காண்பது எவ்வாறு? அவர்கள் வரமாட்டாமை கருதி அவனே அவர்கள் வாயிலுக்கு எழுந்தருளுகின்றான். அங்ஙனம் எழுந்தருளும் உருவத் திருமேனியையே உற்சவர் என்றும், உலாத் திருமேனி என்றும் வழங்குகின்றோம். மூலவர் அசலமூர்த்தி, உற்சவர் சலமூர்த்தி. இருவேறு கடவுளர் அல்லர். ஒரே பொருளின் இருவகைக் கருணை.

இவ்விருவகைத் திருமேனிகளையும் தம் வாழ்நாள் முழுவதும் பேணிய பெருமாட்டி ஒருவர் பத்தாம் நூற்றாண்டிலே சோழநாட்டில் வாழ்ந்தார். குடமுழுக்குக் கண்டு மகிழும் அன்பரும் திருப்பணிக்குப் பொருளீந்த செல்வரும் அவர்தம் வரலாற்றை அறிந்து போற்றுதல் கடனாகும். அவரே செம்பியன் மாதேவியார்.

பிறப்பும் மணமும்

காவிரியின் வடகரையைச் சார்ந்தது மழநாடு. அந்நாட்டை ஆண்ட மழவரையர் குடியிலே தோன்றியவர் இவ்வம்மையார். பிறந்த விண்மீன் சித்திரைத் திங்கட் கேட்டை. தில்லைச் சிற்றம்பலத்திற்குப் பொன் வேய்ந்த முதற் பராந்தக சோழனின் (907–955) இரண்டாம் மைந்தர் கண்டராதித்தருக்கு இவர் வாழ்க்கைப்பட்டார்.

கண்டராதித்தர் வாளினும் வழிபாட்டினை மிகுதியாக விரும்பியவர். தில்லைக் கூத்தன்மீது அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாந் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. முடியுடை வேந்தர் மரபிலே பிறந்து திருமுறை ஆசிரியருள் ஒருவராகவும் விளங்கும் பேறு எளிதில் வாய்ப்பதன்று. அத்தகைய கணவரைப் பெற்ற மாதேவியார் கையினால் நிகழ்ந்த முதல் அறமாகக் கல்வெட்டு வழி நமக்குத் தெரியவருவது ஒரு விளக்கேயாகும். 941-ஆம் ஆண்டில், மாமனார் பராந்தகர் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே, இன்று உய்யக்கொண்டான் திருமலை என வழங்கும் திருக்கற்குடி இறைவனுக்கு ஒரு நந்தாவிளக்கு எரிய அவர் நிவந்தம் வைத்தார்.

நந்தாவிளக்கு என்பது அக்காலத்தில் எளிய சொல்லன்று. விளக்கொன்றுக்கு 90 ஆடுகளையோ 96 ஆடுகளையோ இடையரிடம் ஒப்படைப்பர். அவற்றின் நெய்யை நாள்தோறும் அளந்து கோயிலுக்குச் செலுத்துதல் அவர்கள் கடன். கிழடாவனவற்றுக்கும் இறப்பனவற்றுக்கும் ஈடாகக் குட்டிகள் சேர்ந்துகொண்டே வருதலின், எண் குறையாத அம்மந்தையைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் கூறும். அறம் செய்தவர் மறைந்த பின்னரும் அறம் மறையாதிருக்க முன்னோர் கண்ட வழி அது. இளமையிலேயே அவ்வழியை அறிந்த மாதேவியார், பின்னர்ச் செய்த பேரறங்கள் அனைத்திலும் அதனைக் கைவிட்டாரல்லர்.

துயரும் துணிவும்

949-ஆம் ஆண்டிலே தக்கோலப் போர் நிகழ்ந்தது. பராந்தகரின் மூத்த மைந்தர் இராசாதித்தர் யானைமேல் இருந்தவாறே உயிர் துறந்தார். தொண்டைநாடு இராட்டிரகூடர் கைப்பட்டது. சோழர்குடி தளர்ந்திருந்த அந்நாளிலே அரசுச் சுமை கண்டராதித்தர் தோளில் ஏறிற்று. சில ஆண்டுகளே அவர் ஆண்டார். அவர் மறைந்தபோது மைந்தன் மதுராந்தகன் இளங்குழவி. ஆதலின் அரசு கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயருக்கும், பின் அவர் மைந்தர் சுந்தர சோழருக்கும் சென்றது.

கணவரை இழந்தவர், மைந்தனுக்குரிய அரியணை பிறர் கையில் இருக்கக் கண்டவர், அவ்வரசகுடியிலேயே ஆதித்த கரிகாலன் கொலையுண்ட கொடுமையையும் கண்டவர். இந்நிலையிலே வேறொருவராயின் மனம் கசந்திருப்பர். அல்லது சூழ்ச்சியில் இறங்கியிருப்பர். மாதேவியார் திருக்கோயிற் பணியையே பற்றுக்கோடாகக் கொண்டார். பின்னர் மதுராந்தகன் உத்தம சோழன் என்னும் பெயரோடு முடிசூடிப் பதினைந்து ஆண்டளவு நாடாண்டபோது (971–985), அப்பணி ஆறு பெருகினாற் போலப் பெருகிற்று.

கற்றளிப் பணி

மூவர் முதலிகள் பாடிய பதிகள் பலவற்றில் அக்காலத்தே இருந்தவை செங்கற் கோயில்களே. மழையிற் கரைந்தும் மரம் முளைத்தும் அவை சிதைந்து வந்தன. தேவாரம் பெற்ற தலங்கள் மண்ணாகிப் போதலாகாது என்று கருதிய அம்மையார், அவற்றை ஒவ்வொன்றாகக் கற்றளிகளாக்கினார். திருநல்லம், திருமுதுகுன்றம், திருக்கோடிகா, தென்குரங்காடுதுறை, குத்தாலம் என இன்று வழங்கும் திருத்துருத்தி, திருமணஞ்சேரி, திருவாரூர் அரநெறி முதலிய தலங்கள் அவர் கைபட்டுப் பொலிந்தவை.

இப்பணிகளுள் இரண்டு செய்திகளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இன்று கோனேரிராசபுரம் என வழங்கும் திருநல்லத்துக் கோயிலை அவர் தம் பெயரால் எடுப்பித்தாரல்லர். கணவர் கண்டராதித்தர் பெயரால் எடுப்பித்தார். அரசர் சிவலிங்கத்தை வழிபடும் சிறிய சிற்பமொன்று அக்கோயிற் சுவரில் உள்ளது. அதன் அருகே இச்செய்தி கல்லில் பொறிக்கப்பெற்றிருக்கின்றது. கட்டடப் பணியை மேற்கொண்ட ஆலத்தூர்ச் சாத்தன் குணபத்தன் பெயரும் அங்குக் காணப்படும். பொருளளித்தவர் பெயரோடு பணியை மேற்கொண்டவர் பெயரையும் கல்லிற் காணச் செய்தது பெருந்தகைமையன்றோ!

மற்றொன்று திருக்கோடிகாவில் நிகழ்ந்தது. பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளியாக்கியபோது, அங்கிருந்த பழங் கற்களில் முன்னையோர் செய்த அறங்கள் பொறிக்கப்பெற்றிருந்தன. அவற்றைப் புறக்கணித்துத் தம் பெயரை மட்டும் நிலைநாட்டல் அரசமாதேவிக்கு அரிதன்று. அவரோ அப்பழைய சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவர்களிலே மீண்டும் பொறிக்கச் செய்தார். தமக்கு முன் விளக்கேற்றியவர் பெயர் தம் திருப்பணியால் அணைந்துவிடலாகாது என்பது அவர் கருத்து. திருப்பணி செய்வார் எல்லாரும் நெஞ்சிற் பொறிக்கத்தக்க செயல் இது.

உலாத் திருமேனிகள்

கற்றளி எழுந்தது; மூலவர் நிலைபெற்றார். அம்மட்டில் அமையவில்லை அம்மையார் பணி. சோழநாட்டுச் செப்புத் திருமேனிக் கலை அவர் காலத்திலேதான் தனிப்பெருஞ் சிறப்பு எய்தியது என்பது கலை வல்லார் ஒருமித்துக் கூறும் செய்தி. திருநல்லத்தில் உள்ள திரிபுராந்தகர், இடபவாகனதேவர், கல்யாணசுந்தரர் முதலிய திருமேனிகள் அவர் காலத்தனவாகக் கருதப்பெறுகின்றன. கூத்தப்பெருமானைக் கோயிற் சுவரின் தென்புறக் கோட்டத்திலே எழுந்தருளுவிக்கும் முறையும் அவர் எடுப்பித்த கோயில்களில் சிறந்து விளங்குகின்றது. கணவர் பாடிப் பரவிய தில்லைக்கூத்தன், மனைவியார் பணியால் ஊர்தோறும் காட்சியளித்தான்.

உலாத் திருமேனி செய்தல் தவம் போன்ற தொழில். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகுருவம் சமைப்பர். அதன்மேல் மென்மையான வண்டலைப் பூசிக் கருக்கட்டுவர். உலர்ந்தபின் சூடேற்ற மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய செம்பை வார்ப்பர். ஒரு கருவில் ஒரு திருமேனியே தோன்றும். கருவை உடைத்தாலன்றித் திருமேனி வெளிப்படாது. பீடத்தின் பக்கங்களிலே துளைகளும் வளையங்களும் அமைத்திருப்பதை அன்பர்கள் கண்டிருப்பர். அவை அழகுக்கு அமைந்தன அல்ல. தண்டு கோத்துத் தோளில் தாங்கவும், வாகனத்தில் அசையாது பிணிக்கவும், திருவாசி பொருத்தவும் அமைந்தவை. மனிதர் தோளில் ஏறி வீதிவலம் வருதற்கென்றே பிறந்த திருமேனி அது என்பதற்கு அத்துளைகளே சான்று.

திருவிழா இன்றி இத்திருமேனிக்கு நிறைவில்லை. திருஞானசம்பந்தர் மயிலாப்பூரிலே பூம்பாவையை எழுப்பியபோது, இன்னின்ன விழாக்களைக் காணாது போவாயோ என்று மாதந்தோறும் வரும் விழாக்களை முறையே எடுத்தோதினார். அவற்றின் முடிவில் அவர் ஓதியது பெருஞ்சாந்தி விழா. திருநாவுக்கரசரும் திருவாரூர் ஆதிரை நாட் சிறப்பைத் தனிப் பதிகத்திற் பாடினார். ஆதலின் விழா என்பது பின்னாளில் வந்த ஆரவாரம் அன்று. மூவர் காலத்திலேயே வழிபாட்டின் உறுப்பாக விளங்கியது. நாள்தோறும் நிகழும் நித்திய பூசையில் நேரும் குறைகளை நிறைவு செய்வது நைமித்திகமாகிய திருவிழா. தினந்தோறும் பலியிடும்போது எழுந்தருளும் பலிநாயகர், பிரதோடத்தில் இடபத்தின்மேல் வலம்வரும் சந்திரசேகரர், பெருவிழாவில் விநாயகர் முன்செல்லச் சண்டீசர் பின்வரச் சோமாஸ்கந்தர் நடுவணெழுந்தருளும் ஐம்மூர்த்தி உலா ஆகிய அனைத்தும் ஒரு கருத்தையே உணர்த்துவன: ஊர் முழுவதும் கோயிலே என்பது.

மாதேவியார் இதனை நன்கு உணர்ந்திருந்தார். அதனால்தான் கோயில்களுக்குக் கல்லும் செம்பும் மட்டும் அளித்து நில்லாது, நாள் வழிபாட்டுக்கும் திருவமுதுக்கும் திருவிளக்குக்கும் நந்தவனத்துக்கும் விழாவுக்கும் நிலமும் பொன்னும் வைத்தார். எடுத்துச் செல்லத் தோளும், முன்னே ஒலிக்க இசையும், சார்த்த மலரும், ஏற்ற நெய்யும் இல்லையாயின் உலாத் திருமேனி உலாவுவது எங்ஙனம்?

நிறைவாழ்வு

985-ஆம் ஆண்டில் இராசராசன் அரியணை ஏறினான். தன் பாட்டனின் தமையன் தேவியாராகிய இம்முதியவரை அவன் போற்றியே வந்தான். அவனது 16-ஆம் ஆட்சியாண்டாகிய 1001-இல் திருவக்கரையில் சிவலோகமுடைய பெருமானுக்கு அம்மையார் கற்றளி எடுப்பித்தார். 941-இல் ஏற்றிய விளக்கு முதல் 1001-இல் எடுத்த கற்றளி வரை, பராந்தகர் முதல் இராசராசன் ஈறாக ஆறு வேந்தர் ஆட்சியைக் கண்டு, அறுபது ஆண்டுகள் அறத்தில் வழுவாது நின்றார். இராசராசன் 1010-இல் தஞ்சைப் பெருங்கோயிலை நிறைவு செய்து, அங்கு எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளின் உயரம் இத்தனை முழம், இத்தனை விரல் என்று கல்லிலே பொறிக்கச் செய்தானே, அந்தப் பேணுதலுக்கு வழிகாட்டியவர் அப்பெருமாட்டியே எனல் தகும்.

நாகப்பட்டினத்தை அடுத்து அவர் பெயராலேயே செம்பியன் மாதேவி என்னும் ஊர் உளது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலில், உத்தம சோழனின் தேவியர் தம் மாமியார் பிறந்த கேட்டை நாளில் சிறப்பு வழிபாடு நிகழ நிவந்தம் வைத்தனர். மருமக்கள் பலர் ஒன்றுகூடி மாமியார் பிறந்தநாளுக்கு அறம் செய்தமை, அவர் இல்வாழ்வின் இனிமைக்கும் சான்றாகும். இராசேந்திரன் காலத்தில், 1019-இல், அவர் திருவுருவமும் அக்கோயிலில் எழுந்தருளுவிக்கப்பெற்றது.

நம் கடன்

அம்மையாருடைய திருவுருவமாகலாம் எனப் பல அறிஞர் கருதும் பத்தாம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி ஒன்று, 1929-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க நாட்டு வாசிங்டன் நகரத்து பிரீயர் கலைக்கூடத்தில் உள்ளது. காண்பார் அதன் அழகை வியக்கின்றனர். மாலை சார்த்துவாரும் தீபம் காட்டுவாரும் இல்லை. மழநாட்டுப் பகுதியாகிய அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலில் பூசை நின்று கதவு அடைபட்டுக் கிடந்த நாளில், நடராசப் பெருமான் கவர்ந்து செல்லப்பட்டு, ஆஸ்திரேலியா வரை சென்று 2014-இல் மீண்டு வந்த செய்தியை அன்பர்கள் அறிவர். களவுக்கு அஞ்சி, எத்தனையோ ஊர்களின் உலாத் திருமேனிகள் இன்று பாதுகாப்பு மையங்களிலே வைக்கப்பெற்றுள்ளன. விழா நாளில் மட்டும் சில மூர்த்திகள் ஊருக்கு வந்து மீள்கின்றன. காவல் வேண்டுவதே, மறுப்பதற்கில்லை. ஆயினும் விளக்கு அணைந்த பின்னரே கள்வன் நுழைகின்றான் என்பதனை மறத்தலாகாது. நாள்தோறும் மக்கள் வந்து வணங்கும் கோயிலுக்கு அம்மக்களின் கண்களே பெருங்காவல்.

ஆதலின், குடமுழுக்கு நிறைவுற்றதோடு நம் பணி முடிந்தது என எண்ணற்க. கோபுரத்திற்கு வண்ணம் தீட்டக் கொடுத்தவர்களே நாள்விளக்கின் எண்ணெய்க்கும் கொடுப்பாராக. கல்வெட்டிலே தம் பெயரைக் காண விரும்புவோர், முன்னையோர் கல்வெட்டின்மேல் சுண்ணமும் வண்ணமும் படியாமல் காப்பாராக. இளைஞர்கள் உற்சவரைத் தாங்கும் தண்டிற்குத் தம் தோள் கொடுப்பாராக. எழுந்தருளும் பெருமான் வரும் வீதியிலே, ஏழை என்றும் எளியர் என்றும் பாராது, எல்லார் வாயிலிலும் தீபம் ஏற்கச் செய்வாராக. செம்பியன் மாதேவியார் தம் அறுபதாண்டு அறத்தால் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் இதுவே. அப்பெருமாட்டியின் திருவடிகளைச் சிந்தித்து, இத்திருக்கோயில் விளக்கு என்றும் நந்தாதிருக்க எல்லாம்வல்ல இறைவன் திருவருளை இறைஞ்சுவோமாக.

திருச்சிற்றம்பலம்.