கார்னெகியார் செல்வத்துக்கு இட்ட வரம்பு

பெருஞ்செல்வர் சரித்திரத்தை மாணாக்கருக்குச் சொல்லப் புகும்போது, அவர் ஈட்டிய தொகையையும் ஈந்த தொகையையும் எண்ணிக் காட்டி அமைந்துவிடுதல் ஆசிரியராகிய நம்மனோர்க்கு வழக்கமாய்விட்டது. அத்தொகையை ஈட்டுங் காலத்து அவர் மனையில் நிகழ்ந்தது யாது என்று வினவுவார் மிகச் சிலர். அமெரிக்க தேசத்து உருக்கு வணிகராகிய அன்றூ கார்னெகி என்பார் சரித்திரத்தில் அவ்வினாவுக்கு இடம் நிரம்ப உண்டு. ஆதலின் அப்பகுதியையே ஈண்டு எடுத்துரைப்பாம்.

கார்னெகியார் 1835ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25ஆந் திகதி ஸ்கொத்லாந்திலே டன்பேம்லின் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கைத்தறியிற் பூந்துகில் நெய்து சீவித்தவர். நீராவித் தறிகள் வந்தபின் அத்தொழில் நலிந்தது. தாயாராகிய மார்க்கிரெற் அம்மையார் சிறுகடை வைத்தும் பாதரட்சை தைத்தும் குடும்பத்தைத் தாங்கினார். 1848இல் அக்குடும்பத்தார் கடன் பெற்றுக் கப்பலேறிப் பிற்ஸ்பேர்க்கு நகரின் அயலிலுள்ள அலகெனியிற் குடியேறினர். அங்கே சிறுவர் பஞ்சாலையில் வாரம் 1 டொலர் 20 சதக் கூலிக்கு வேலைசெய்து, பின்னர்த் தந்திக் காரியாலயத்திற் செய்தி கொண்டோடும் பையனாயினார்.

அக்காலத்து நிகழ்ந்த ஒன்று குறிக்கத்தக்கது. அவர் மாதச் சம்பளம் 11 டொலர் 25 சதம். ஒரு மாதம் தலைவர் அவரது ஊக்கத்தை மெச்சி 13 டொலர் 50 சதம் கொடுத்தார். சிறுவர் வழக்கமான தொகையைத் தாயாரிடம் ஒப்புவித்து, மிகுதியை மறைத்து வைத்தார். இரவு படுக்கையிலே தம்பி தொம் என்பானுக்கு மாத்திரம் அதனைக் காட்டி, இருவருங் கூடி வாணிகஞ் செய்யுங் காலத்தைப் பேசிப் பேசி மகிழ்ந்தார். மறுநாட் காலை உணவின்போது அப்பணத்தை எடுத்துவைக்கத் தந்தையார் பெருமிதத்தோடு நோக்கினார். தாயார் கண்கள் நீர் மல்கின. பிற்காலத்துக் கோடிகள் வந்தபோதும் அன்றைய மகிழ்ச்சிக்கு ஈடான மகிழ்ச்சி தமக்கு வந்ததில்லை என்று அவரே தம் சரித்திரத்தில் எழுதிவைத்தார். குடும்பத்தின்பொருட்டுத் தேடப்படுஞ் செல்வம் குடும்பத்தின் நடுவே வந்து நின்ற நாள் அஃதொன்றே போலும்.

1853இற் புகையிரதக் கூட்டத்தாரிடம் உத்தியோகம் பெற்றார். 1855இல் தந்தையார் இறந்தார். பங்குகள் வாங்கியும், இரும்புப் பாலத் தொழிலிற் புகுந்தும் விரைவிற் செல்வரானார். 1868ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், வயது 33 ஆகியபொழுது, தாயாரோடு தங்கியிருந்த நியூயோர்க்கு விடுதியில் இருந்து தம் வரவைக் கணக்கிட்டார். ஆண்டு வருமானம் 50,000 டொலர். இதற்குமேல் ஈட்ட முயலேன். மிகுதியை அறத்திற் செலவிடுவேன். 35ஆம் வயதில் வாணிகத்தை விட்டு ஒக்ஸ்போட்டிற் சென்று கற்பேன் என்று ஒரு தாளில் எழுதினார். பணத்தை வழிபடுதல் எல்லா வழிபாட்டினுங் கடையானதென்றும், அது தம்மை மீளவொண்ணாத இழிவிற் செலுத்துமென்றும் அதிற் குறித்தார்.

அவ்வரம்பை அவர் காக்கவில்லை. வாணிகத்தினின்று அவர் விலகிய ஆண்டு 1901. இடையிற் சென்றவை 33 ஆண்டுகள்.

எனினும் அவரைக் காரியாலயத்திற் கட்டுண்டு கிடந்தவர் என்று எண்ணலாகாது. தொழிலைப் பங்காளிகளிடம் ஒப்புவித்து, ஆண்டின் பெரும்பகுதியைப் பிரயாணத்திற் கழித்தார். 1878, 1879ஆம் ஆண்டுகளில் உலகைச் சுற்றி வந்தபோது நம் இலங்கையையுங் கண்டு சென்றார். அவருக்கு ஓய்வு இருந்தது; மனையாள் இல்லை. தாயார் உயிரோடிருக்குமளவும் மணஞ் செய்யாதிருந்தார். லூயிசா விற்பீல்ட் என்னும் மங்கை பல ஆண்டு காத்திருந்தார். 1886இல் கார்னெகியார் கடுஞ் சுரத்திற் கிடந்த காலத்திலே தம்பியுந் தாயாரும் சில வாரங்களுள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். அடுத்த ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, 51ஆம் வயதில், அம்மங்கையை மணந்தார். தாயன்பு போற்றத்தக்கதே. ஆயினும் பிறள் ஒருத்தியின் இளமையை அதற்கு ஈடாக வைத்தது நமக்கு ஒப்பாகத் தோன்றவில்லை.

மணநாளில் அவ்வம்மையார் ஓர் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டார். கணவர் தம் பொருளிற் பெரும்பகுதியை அறத்துக்குக் கொடுக்கக் கருதியுள்ளார். அதற்குத் தாமும் உடன்படுகின்றார். ஆண்டுதோறும் பெறும் ஒரு தொகையன்றி அப்பொருளில் உரிமை வேண்டார் என்பதே அதன் கருத்து. கொடையிற் புகழ் கணவருக்காயிற்று. முதற் கொடையாளி அம்மையாரே என்பேம். செல்வராய் இறத்தல் இழிவு என்னுங் கட்டுரையைக் கார்னெகியார் வெளியிட்டது அதன்பின், 1889இல்.

மூன்றாண்டு கழிந்து ஹோம்ஸ்ரெட் ஆலையிற் கலகம் விளைந்தது. 1886இல் தொழிலாளர் சங்கங்கூடும் உரிமையை ஆதரித்து எழுதியவர், 1892இற் சங்கத்தை ஒடுக்கப் பங்காளியாகிய பிறிக்கு என்பாருக்குக் கடிதமூலம் உடன்பட்டுத் தாம் ஸ்கொத்லாந்திற் போயிருந்தார். கூலிக்குப் பிடித்த 300 காவலருக்குந் தொழிலாளருக்கும் யூலை மாதம் 6ஆந் திகதி நிகழ்ந்த சண்டையில் இருபுறத்தும் உயிர்கள் மாண்டன. சங்கம் அழிந்தது. நாளொன்றுக்குப் 12 மணிநேரம் உலைமுன் நின்றவன் தன் மக்களோடிருந்து உண்ண நேரம் யாது? பின்னர் அவ்வூருக்கு அழகிய புத்தகசாலை கட்டிக்கொடுத்தார். வாசிக்க ஓய்வு கொடுத்திலர். இதனை மறைத்து அவர் சரித்திரத்தைக் கற்பித்தல் தகாது.

1897இல், அவருக்கு 61 வயதாகியபோது, ஒரே மகள் பிறந்தாள். தாயார் பெயரையே அவளுக்கு இட்டார். 1901இல் மோகன் என்னுஞ் செல்வர் ஆலைகளை வாங்க விரும்பினார். தூது வந்த சுவாப் என்பார் முதலிற் சென்று கேட்டது அம்மையாரையே என்பர். பந்தாடிக் களித்திருக்கும்போது பேசுக என்று அவர் வழி கூறினாராம். கார்னெகியார் 48 கோடி டொலர் என்று ஒரு சிறு தாளில் எழுதிக் கொடுக்க, மோகன் பேரஞ் செய்யாது ஏற்றார்.

பின்னர்க் கொடை தொடங்கியது. ஆலையிற் காயமுற்றோர், முதியோர் முதலியோர்க்கு 40 இலட்சம் டொலர். பலதேசங்களில் 2,500க்கு மேற்பட்ட புத்தகசாலைகள். கல்லூரி ஆசிரியர் பெறுஞ் சம்பளத்தின் குறைவைக் கண்டு வருந்தி, அவர் முதுமைக்கு உபகாரச் சம்பளமாக 1905இல் 1 கோடி டொலர் வைத்தார். நம்மனோர் இதனை வாசித்துப் பெருமூச்செறிதலும் இயல்பே. எல்லாங் கூட்டி 35 கோடி டொலர் ஈந்து, 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11ஆந் திகதி இறந்தார். அம்மையார் 1946 வரை வாழ்ந்தார்.

33ஆம் வயதில் எழுதிய அத்தாளை அவர் கிழித்தெறியவில்லை. அது ஐம்பதாண்டு கழிந்தும் அவருடைய கடிதங்களிடையே இருந்தது.