ஒளி மருத்துவர் நீல்ஸ் பின்சன்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்யப்பெற்ற பெண்டிர்க்கு, அந்நோய் மீண்டும் தலைகாட்டுமோ என்னும் அச்சம் எளிதில் அகலுவதன்று. அவ்வச்சத்தைக் குறைக்கும் கதிர் மருத்துவத்திற்கு முன்னோடியாய் நின்றவருள் ஒருவர் நீல்ஸ் பின்சன். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

டென்மார்க்கு ஆட்சிக்குட்பட்ட பாரோத் தீவுகளில், ஐஸ்லாந்துக் குடியொன்றில், 1860-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் இவர் தோன்றினார். 1890-இல் கோப்பன்ஹேகனில் மருத்துவப் பட்டம் பெற்றார். மாணவராயிருந்தபோதே, உள்ளுறுப்புக்களின் உறைகள் தடித்து வயிற்றில் நீர் கோக்கும் கொடுநோய் இவரைப் பற்றிற்று. இவரது இல்லம் வடக்கு நோக்கியது, வெயில் புகாதது. வெயிலிற் சென்றால் தளர்ச்சி நீங்குமென்னும் எண்ணம் அங்கேதான் பிறந்தது. முற்றத்துப் பூனையொன்று, நிழல் படருந்தொறும் வெயிலை நாடி இடம்பெயர்தலை உற்றுநோக்கினர் என்பர். நிழல் தேடித் திரியும் நமக்கு இது வியப்பே. வடநாட்டார்க்கோ வெயில் கிடைத்தற்கரிய செல்வம்.

1895-இல், முகத்தோலை அரிக்கும் காசநோயால் வருந்திய பொறியாளர் ஒருவர்க்கு மின்வில் விளக்கின் ஒளியைப் பாய்ச்சலானார். படிக வில்லைகளால் ஒளியைக் குவித்தார். நீரால் அதன் வெம்மையை நீக்கினார். குருதி ஒளியைத் தடுக்குமாதலின் தோலை அழுத்தி அதனை விலக்கினார். 1896-இல் அவர் பெயரால் நிலையம் எழுந்தது. அங்கே செவிலியர் மாதக்கணக்காய்ப் பொறுமையுடன் விளக்கருகே அமர்ந்து பணிபுரிந்தனர். உருவிழந்து ஒளிந்து வாழ்ந்த பலர் மீண்டும் மக்கள் முன் தலைநிமிர்ந்து நடந்தனர்.

1903-இல் நோபெல் பரிசு கிடைத்தது. நேரிற் சென்று பெறுதற்கு உடல் இடந்தரவில்லை. பரிசுப்பொருளில் ஒரு பகுதியை நிலையத்திற்கே அளித்தார். ஒளி அவர்தம் நோயைத் தீர்த்திலது. எனினும், தம் உடலில் உப்புத் தங்குமாற்றை ஆராய்ந்து இறுதியாண்டிலும் கட்டுரை வரைந்தார். 1904 செப்டம்பர் 24-இல், 43-ஆம் வயதில் மறைந்தார்.

அவ்வொளி நோய்க்கிருமியினுள்ளிருக்கும் நிறப்பொருளைத் தூண்டி அதனைக் கொன்றிருத்தல் வேண்டுமென 2005-இல் டேனிய ஆராய்ச்சியாளர் காட்டினர். நிறமருந்தூட்டி ஒளி பாய்ச்சும் இக்கால முறையும் அத்தகையதே. அறுவைக்குப்பின் மார்புத்தோலில் மீண்டெழுந்த புற்றுக்கு அம்முறை ஆராயப்பட்டுள்ளது. மீளாமற் காப்பதற்கு உறுதியான சான்றுடையதோ எக்ஸ் கதிரே. அதுவும் கண்ணுக்குப் புலனாகாத ஒளியன்றோ? மாதவிடாய் நில்லாத, நோய் மீளும் வாய்ப்பு மிகுந்த 1708 பெண்டிரை டேனிய மருத்துவர் ஆராய்ந்து 1997-இல் முடிவு வெளியிட்டனர். மருந்து மட்டும் பெற்றோருள் 100-க்கு 32 பேர்க்கு மார்புச் சுவரிலோ அதனையடுத்த இடங்களிலோ நோய் மீண்டது; மருந்தோடு கதிரும் பெற்றோருள் 9 பேர்க்கே மீண்டது. கோப்பன்ஹேகன் பெருமருத்துவமனையில் புற்றுநோய்ப் பகுதி அடங்கிய பிரிவு நெடுங்காலம் பின்சன் பெயரையே தாங்கியிருந்தது.