கப்பலும் குரலும்

குற்றால மலையிற் பிறந்து தென்காசியை வளப்படுத்திச் செல்லும் சிற்றாறு, சீவலப்பேரி அருகே பொருநையோடு கலந்து, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. அக்கடலின் வடபால் விளங்கும் தூத்துக்குடித் துறையில், வணிகன் ஒருவன் தன் கருத்தை உரைக்கலாமா என்னும் வினா, ஒரு பெருமகனின் வாழ்வையே விலையாகக் கேட்டது. அப்பெருமகனார் வ.உ. சிதம்பரம் பிள்ளை.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் தோன்றிய அவர், வழக்கறிஞராகப் புகழ் பெற்றவர். இலங்கைக் கடல்வழி ஆங்கிலேயக் கம்பெனியின் தனியுடைமை போல் இருந்த நிலையில், 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். பங்கொன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மூலதனம் 10 இலட்சம். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். தமிழை வளர்த்த கை கப்பலையும் தாங்கிற்று. 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் துறை சேர்ந்தன.

போட்டிக் கம்பெனி கட்டணத்தைப் பெரிதும் குறைத்தது. இலவசப் பயணத்தோடு குடையும் வழங்கிற்று என்பர். எனினும் மக்கள் சுதேசிக் கப்பலையே நாடினர். ஊதியத்தையும் ஆதாயத்தையும் துறந்து செய்யும் புறக்கணிப்பு எளியோர் கைப் படைக்கலமாயிற்று. சுதேசியத்தை எதிர்த்தோருக்குச் சவரத் தொழிலாளரும் சலவைத் தொழிலாளரும் பணிபுரிய மறுத்தனர். இது கொடுமையன்றோ என ஐயுறுவார் உளர். ஆயினும் பணிபுரிய மறுத்தவன் இழந்தது தன் கூலியை. எதிர்நின்றவனின் நாவையோ உரிமையையோ அவன் பறித்திலன். அரசின் செயல் அத்தன்மையது அன்று.

1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். தொழிலாளர் கோரிக்கை வென்றது. மார்ச் 12இல் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். சொற்பொழிவே குற்றமாயிற்று. ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது.

கப்பலைச் சட்டம் தடுத்திலது. அதனைச் செலுத்திய நாவையே கட்டிற்று. தலைவன் சிறைப்பட, சங்கம் தளர்ந்து 1911இல் கலைந்தது. கப்பலொன்று போட்டிக் கம்பெனியிடமே விற்கப்பட்டது. சிறுபணம் சேர்த்துப் பங்கு வாங்கியோர் அதனை இழந்தனர். அவருடைய சொல்லுக்குப் பிறரும் விலை தந்தனர் என்பது மறைக்கத்தகாத உண்மை. அவ்வாண்டு ஜூன் 17இல், தென்காசிக்கு அண்மையிலுள்ள செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன், கலெக்டர் ஆஷை மணியாச்சியில் சுட்டுக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்டான். புறக்கணிப்பின் வழி அடைபட்ட நாட்டில் குருதியின் வழி திறந்தது.

கோவைச் சிறையில் செக்கிழுத்த கைகள் எழுதுகோலையும் விட்டில. ஜேம்ஸ் ஆலனின் நூலை மனம்போல வாழ்வு எனத் தமிழாக்கினார், மெய்யறம் இயற்றினார், தம் வரலாற்றையும் செய்யுளில் யாத்தார். 1912 டிசம்பரில் விடுதலையானபோது வரவேற்கத் திரளில்லை. வழக்குரைக்கும் உரிமையும் பறிபோயிருந்தது. பின்னர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அதனை மீண்டும் பெற்றார். நன்றி மறவாமல் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். அரசின் கொடுமையை எதிர்த்த நெஞ்சில் தனி மனிதர்மேல் பகை இல்லை.

வறுமைக்கிடையிலும் தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்துத் தமிழுக்குத் தொண்டாற்றி, 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் மறைந்தார். அந்நியர் வாணிகம் அவர் கப்பலை விழுங்கிற்று. அரசு அவர் செல்வத்தை அழித்தது. சொல் ஒன்றே அவரிடம் எஞ்சியது. கவிஞர்க்கும் உள்ள முதலீடு அதுவே. விலை கேட்கப்படும் நாளில் அதனைத் திரும்பப் பெறாமல் நிற்பதே சொல்லுக்கு உரியவன் என்பதற்குச் சான்று.