மாத்யூ போல்ட்டன்

நீராவி யந்திரம் என்ற அளவில் ஜேம்ஸ் வாட் என்னும் பெயரே மாணவர் நினைவில் எழும். கெண்டியின் மூடி கொதிநீரால் துள்ளிய கதை பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அது மெய்யோ புனைவோ, அதனை ஆராய்வது ஈண்டு எமது கருத்தன்று. அறிஞர் ஒருவர் உள்ளத்தே தோன்றிய எண்ணம், இரும்பும் பித்தளையுமாய் உருப்பெற்றுச் சுரங்கத்து நீரை வெளியே இறைக்கும் வரையில், அவ்வறிஞருக்குச் சோறிட்டவர் யார், அவர் பொருட்டுக் கடன்பட்டவர் யார் என்று கேட்பார் மிகச் சிலரே. அங்ஙனம் கேட்பார்க்கு விடையாக நிற்பவர் பர்மிங்ஹாம் நகரத்து வணிகரான மாத்யூ போல்ட்டன். பிறருடைய புதுப்புனைவுகளுக்கு முதலிட்டு வளர்ப்பதனையே தொழிலாகக் கொண்டோர் இந்நாளில் பலர் உளர். அவர்க்கெல்லாம் முன்னோடி என இவரைக் கூறலாம். ஆதலின் இவர் வரலாற்றைச் சுருங்க எழுதப் புகுந்தோம்.

போல்ட்டன் 1728-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் பர்மிங்ஹாமிற் பிறந்தார். தந்தையார் காலணிப் பூட்டு, பொத்தான் முதலிய சிறு உலோகப் பொருள்களைச் செய்து விற்பவர். மகனாரும் இளமையிலேயே அத்தொழிலிற் புகுந்தார். 1759-இல் தந்தையார் இறந்தபின் பட்டறை முழுதும் இவர் கைக்கு வந்தது. செல்வக் குடியிற் பெண் கொண்டமையால் வந்த பொருளும் சேர்ந்தது. அப்பொருளைக் கொண்டு நிலம் வாங்கி நிழலில் அமர்ந்திருத்தல் அவர்க்கு எளிதாயிருந்தும் அதனை அவர் விரும்பிலர். ஊர்ப்புறத்தே ஸோஹோ என்னுமிடத்திற் பெரியதோர் தொழிற்சாலை எழுப்பினார். ஜான் பாதர்கில் என்பவர் 1762-இற் கூட்டாளியானார்.

ஸோஹோவின் பொறிகளைச் சுழற்றியது நீராழி. கோடையில் ஓடை வற்றும், ஆழி நிற்கும், வேலையாட்கள் கைகட்டி நிற்பர். கீழே வடிந்த நீரை மீண்டும் மேலேற்ற வழியுண்டோ என்று போல்ட்டன் எண்ணலானார். 1766-இல் தாமே ஒரு நீராவிப் பொறியின் மாதிரி செய்து, இலண்டனிலிருந்த பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு அனுப்பி அவர் கருத்தையும் கேட்டனர். ஆகவே, வாட் என்பவர் வந்து கதவைத் தட்டுமுன்னரே, அவர் கொணரும் பொருளின் அருமையை அளந்தறியும் கண் இவர்க்கு வாய்த்திருந்தது. தமக்கே வேண்டிய பொருள் ஒன்றிற்கு முதலிடுவோன் எளிதில் ஏமாறான்.

அக்காலத்து வழங்கிய நியூகோமன் பொறியில், நீராவி புகுந்த உருளைக்குள்ளேயே குளிர்நீரைத் தெளித்து அதனை ஒடுங்கச் செய்வர். ஒவ்வோர் அசைவிற்கும் உருளை குளிர்ந்து, மீண்டும் சூடேற வேண்டியிருந்தமையின் நிலக்கரி வீணே எரிந்தது. ஒடுக்கத்திற்கென வேறொரு கலத்தை அமைத்தால் உருளை எப்பொழுதும் சூடாகவே இருக்கும் என்று 1765-இற் கண்டவர் வாட். ஸ்காட்லாந்தில் அவர்க்குத் துணை நின்றவர் ரோபக் என்னும் மருத்துவர். அவர் வாட்டின் கடனாகிய 1,000 பவுனை ஏற்று, வரும் உரிமையில் மூன்றில் இரு பங்கைப் பெற்றார். 1769-இல் தனியுரிமைப் பட்டயமும் கிடைத்தது.

அவ்வாண்டிலே ரோபக் மூன்று மாவட்டங்களில் மட்டும் இவ்யந்திரத்தைச் செய்துகொள்ளும் உரிமையைப் போல்ட்டனுக்குத் தர முன்வந்தார். போல்ட்டன் மறுத்துவிட்டார். மூன்று மாவட்டங்களுக்காகச் செய்வது பயனற்றது, உலகம் முழுமைக்கும் செய்வதாயின் அதுவே தக்கது என்பது அவர் கொண்ட முடிபு. அருமையென அறிந்த பொருளிற் சிறு கூறு கிடைப்பினும் பற்றிக்கொள்வோம் என்று நம்மவர் பலரும் விரைவர். அவரோ நான்கு ஆண்டுகள் வாளாவிருந்தனர். 1773-இல் ரோபக் திவாலானார். அவர் போல்ட்டனுக்குத் தரவேண்டிய கடன் ஏறத்தாழ 1,200 பவுன். அதற்கு ஈடாகப் பட்டயத்தின் பங்கைக் கேட்டார் போல்ட்டன். ஏனைய கடன்காரர் அதற்கு ஒரு காசு மதிப்பும் இல்லையெனக் கருதியிருந்தமையால் தடை சொன்னாரிலர். அவ்வாண்டே மனைவியை இழந்து, கால்வாய் அளந்து வயிறு வளர்த்துக்கொண்டிருந்த வாட், 1774-இற் பர்மிங்ஹாம் வந்து சேர்ந்தார்.

பட்டயத்தின் காலத்தில் ஒரு பகுதி வீணே கழிந்திருந்தது. எஞ்சிய சில ஆண்டுகளுள் போட்ட முதல் மீளாது என்று கண்ட போல்ட்டன் பார்லிமெண்டை நாடினார். எட்மண்ட் பர்க் போன்றோர் எதிர்த்தும், 1775-இற் பட்டயம் 1800 வரையில் நீட்டப்பெற்றது. கூட்டு ஒப்பந்தத்தின்படி செலவு முழுதும் போல்ட்டனுடையது. பங்கு அவர்க்கு மூன்றில் இரண்டு. வரைபடமும் மேற்பார்வையும் வாட்டின் கடமை. பீரங்கி குடைவதற்கு ஜான் வில்கின்ஸன் கண்ட கருவி உருளைகளையும் செம்மையாய்க் குடைந்து தந்தது. 1776-இல் முதல் யந்திரங்கள் ஓடின.

அவற்றை விற்ற முறையே போல்ட்டனின் மதிநுட்பத்தைக் காட்டும். யந்திரத்தின் கூறுகளுக்கும் அமைப்புக்கும் ஆகும் செலவைச் சுரங்கத்தார் ஏற்கவேண்டும். கூட்டாளிகள் பெறுவதோ, பழைய பொறியினும் இப்பொறி மிச்சப்படுத்தும் நிலக்கரியின் விலையில் மூன்றிலொரு பங்கு. அசைவுகளை எண்ணப் பூட்டிட்ட பெட்டியொன்று யந்திரத்திற் பொருத்தப்பட்டது. நிலக்கரி கிடையாத கார்ன்வால் நாட்டுச் சுரங்கத்தார் முதலில் மகிழ்ந்து வாங்கினர். ஆண்டுதோறும் பங்கு செலுத்த நேர்ந்தபொழுது முணுமுணுத்தனர். பிறகு வழக்காடவும் செய்தனர். மிச்சமான பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கொடுக்கும் பணமே தெரியும்!

இவ்வருவாய் கைக்கு வருமுன் போல்ட்டன் பட்ட பாடு பெரிது. பாதர்கிலோடு நடத்திய பழைய வாணிகம் நட்டத்தில் ஓடியது. நிலங்களை விற்றார், வரவிருந்த யந்திர வருவாயையும் ஈடுகாட்டிக் கடன் வாங்கினார். வாட்டோ இயல்பாகவே சோர்வுள்ளம் படைத்தவர், தலைவலியால் வருந்துபவர், கடன் என்ற சொல்லைக் கேட்டாலே உறக்கம் இழப்பவர். யந்திரமும் வேண்டா, வாணிகமும் வேண்டா என்று அவர் எழுதிய முறையீடுகள் பல. அவற்றிற்கெல்லாம் பொறுமையோடு விடையெழுதி, தம் கவலையை மறைத்து, நண்பரைத் தேற்றியவர் போல்ட்டன். அவர் இட்ட பணத்தினும் இப்பொறுமையே பெரிய முதல் என்பது எமது துணிபு. சுரங்கங்களின் தேவை விரைவில் நிரம்பிவிடும், ஆலைகளைச் சுழற்றும் யந்திரமே இனி வேண்டும் என்று வாட்டை இடைவிடாது தூண்டியவரும் அவரே. 1781 முதல் வாட் பெற்ற சுழல்யந்திரப் பட்டயங்கள் அத்தூண்டுதலால் வந்தவை.

வில்லியம் மர்டாக் என்னும் இளைஞர் 1777-இல் வேலை தேடி ஸோஹோவுக்கு வந்தார். இடமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த போல்ட்டன், அவர் கையிலிருந்த தொப்பி விந்தையாயிருக்கக் கண்டு வினவ, அது தாமே அமைத்த கடைசற்பொறியிற் கடைந்த மரத்தொப்பி என்றனராம். வேலை உடனே கிடைத்தது. ஆனால் இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மர்டாக் நீராவியால் ஓடும் சிறு வண்டியொன்று செய்து, 1786-இல் அதற்குப் பட்டயம் பெற இலண்டன் நோக்கிப் புறப்பட்டார். வழியில் எக்ஸீட்டர் நகரருகே அவரைக் கண்ட போல்ட்டன், நயந்து பேசித் திருப்பி அனுப்பிவிட்டார். கையிலுள்ள தொழில் கெடும் என்ற அச்சம் அவர்க்கு. வாட் ஒருவரை வளர்த்த கை மற்றொருவரைத் தடுத்தது. இதனைப் படிக்குந்தோறும் எமக்கு வருத்தமே. 1801-இல் கார்ன்வாலிற் சாலையில் நீராவி வண்டியை ஓட்டிய பெருமை டிரெவிதிக்குக்குப் போயிற்று.

1788-இல் ஸோஹோவில் நீராவியால் இயங்கும் நாணயச்சாலை அமைந்தது. கள்ளக் காசு மலிந்திருந்த அக்காலத்தில், ஒரே அளவும் எடையுமாய்க் காசடித்தால் கள்ளர்க்கு இடமிராது என்பது போல்ட்டன் கருத்து. 1797-இல் ஆங்கில அரசினர் ஓர் அவுன்சு எடையுள்ள செப்புப் பென்னிகளை அவரிடம் அடிப்பித்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை மாகாணத்திற்கு வேண்டிய செப்புக்காசுகளையும் அங்கேயே அடிப்பித்தனர். பாரசீக எழுத்துப் பொறித்த அப்பத்துக்காசும் இருபதுகாசும் நம் முன்னோர் மடியில் முடிந்து வைத்தவையே.

1800-இற் பட்டயக் காலம் முடிந்து வாட் ஓய்வுபெற்றார். போல்ட்டன் நாணயச்சாலையை விடவில்லை. 1809-ஆம் ஆண்டு சனவரியில், சென்னைக்கான ஸோஹோக் காசுகளை ஏற்றிச்சென்ற அட்மிரல் கார்டனர் என்னும் கப்பல் இங்கிலாந்தின் கரையருகே குட்வின் மணல்திட்டில் உடைந்து மூழ்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் போல்ட்டன் காலமானார். ஹாண்ட்ஸ்வொர்த் கோயிலில் அடக்கம் செய்யப்பெற்றார். பத்து ஆண்டுகள் கழித்து வாட்டும் அங்கேயே அடக்கமாயினர். மூழ்கிய காசுகள் 1980-களிற் பெருந்தொகையாக மேலெடுக்கப்பட்டன. அவற்றுட் பல, அச்சிலிருந்து அன்றுதான் விழுந்தவைபோல் எழுத்து மழுங்காதிருந்தன.