கப்பல் ஒன்றின் மதிப்பு

கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகில் இருக்கிறது ஒட்டப்பிடாரம். அங்கே 1872-ம் ஆண்டு பிறந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை.

வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாக, 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் ரூ.10 லட்சம், பங்கு ஒன்று ரூ.25. கொழும்பு செல்லப் பயணிகள் இருந்தனர், சரக்கும் இருந்தது. ஆனால், வாடகைக்குக் கப்பல் தந்தவர் திடீரென்று கையை விரித்துவிட்டார்!

அடுப்பு ஒன்றே உள்ள கல்யாண வீட்டில் இன்னொரு மூட்டை அரிசி வந்து என்ன பயன்? இன்னோர் அடுப்பு வந்தால்தான் இன்னொரு பந்தி போடலாம். தட்டுப்பாடான பொருள் ஒன்று கூடினால், பலன் எவ்வளவு கூடும்? அந்த மதிப்புக்குப் பொருளாதார நிபுணர்கள் இட்ட பெயர் ‘நிழல் விலை’. அதைக் கணக்கிட உதவும் வழியைத் தந்தவர் லாக்ராஞ்சி (1736–1813) என்ற கணித மேதை.

சிதம்பரனார் கணக்குப் போட்டு உட்காரவில்லை. கப்பல் தேடிப் பம்பாய்க்கு விரைந்தார். 1907-ல் ‘காலியா’ வந்தது, ‘லாவோ’வும் வந்தது. உடனே தட்டுப்பாடு இடம் மாறியது. வெள்ளையர் கட்டணத்தைக் குறைத்துப் பயணிகளை இழுத்தனர். இப்போது கப்பல் அல்ல, பயணியே அரிய பொருள்!

1908-ல் சிதம்பரனார் சிறை புகுந்தார், செக்கிழுத்தார். 1912-ல் விடுதலையானபோது கம்பெனி இல்லை. 1911-லேயே கலைத்துவிட்டார்கள். 1936-ல் அவர் கண் மூடினார்.

ஒரு கப்பல் போனால் இன்னொரு கப்பல் வாங்கலாம். சிதம்பரனாருக்கு ஈடாக இன்னொருவர் அந்தக் கம்பெனிக்குக் கிடைக்கவில்லை.